நாலு நாலு பேராகப் பெங்களூர்

கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு கேள்வி வந்தது. "சார், இந்த வருஷ டூர் பெங்களூர். ரெண்டே நாள்தான். டூரிஸ்ட் மாதிரி பேந்தப் பேந்த முழிக்காம அந்த ஊர் ஆளு மாதிரி சுத்தணும். எங்க போகலாம், என்ன சாப்பிடலாம், ராத்திரியில எங்கன ஜாலியா இருக்கும்? ஒரு லிஸ்ட் போட்டு விடுங்க."

கேட்டவர்கள் பேக்கிங் பகுதிப் பிள்ளைகள். நான் பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் போர்மேனாக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவன். தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக்கிடக்கும் நாட்களில் தொழிலாளர்களை டூர் கூட்டிப்போகும் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் என்னிடம் கேட்டது அதற்காக மட்டும் இல்லை. பெங்களூர் என்று யாராவது வாயைத் திறந்தால் எங்கள் கம்பெனியில் அடுத்ததாக என் பெயர்தான் வரும். சிரிப்போடு வரும். நடந்ததை மற்றவர்கள் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்லுமுன் நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் என் வேலையைச் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து, எம். புதுப்பட்டி போகும் வழியில் இருக்கும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். சில வருஷம் குடோனில் லோடு பார்த்தேன். பிறகு பயிற்சிக்கு அனுப்பினார்கள், சான்றிதழ் வாங்கினேன், போர்மேன் ஆனேன். படித்ததையெல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். செய்து பார்ப்பதற்குத்தான் ஒரு ஆயுள் போதவில்லை.

காலையில் வேன் வந்து நின்றதும் நான் கேட்டில் நிற்பேன். செல்போன் எல்லாம் அங்கேயே பெட்டிக்குள் போய்விட வேண்டும். செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும். நைலான் சேலை கூடாது, இரும்பு ஊசி கூடாது. வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தால்கூட எனக்குக் கோபம் வரும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. புகை தெரிந்தாலோ, சுர்ரென்று சத்தம் கேட்டாலோ, என்ன ஏது என்று பார்க்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். போர்மேன் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக வர வேண்டும்.

"போர்மேன் கடைசி ஆள்" என்பதைத் திங்கள்கிழமைதோறும் காலையில் இரண்டு முறை சொல்வேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வேன். இருபத்தாறு வருஷமும் கம்பெனியில் அப்படி ஓட வேண்டிய நிலை ஒரு முறைகூட வரவில்லை. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேனேஜர் சோலையப்பன் சத்தம் போட மாட்டார். எதைச் சொன்னாலும் "எழுதிக் கொண்டாங்க" என்பார். எழுதிக்கொண்டு போனால் உட்கார்ந்து படிக்க மாட்டார். நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் பக்கம் போய், தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பார். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. பிடிக்காத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். ஒரு தடவை குடிதண்ணீர்ப் பானை உடைந்துபோனது என்று எழுதிக் கொடுத்தேன். எந்தப் பக்கம் முதலில் விரிசல் விட்டது என்று பச்சையில் கேட்டிருந்தார். பானையிடம்தான் கேட்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

நான் ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது அவர் கூப்பிட்டு, "உங்க இடத்துக்கு நம்ம ஆளுகள்ள ஒருத்தரப் பயிற்சிக்கு அனுப்பணும். யாருன்னு யோசிச்சு வைங்க போர்மேன். டூர் முடிஞ்சு வந்ததும் எழுதிக் கொண்டாங்க" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. ராஜபாண்டி என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல ஆள், வாட்டசாட்டமானவன். குரல் கொடுத்தால் நாரணாபுரம் வரைக்கும் கேட்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் மாலை, வேன் ஏறுமுன் பேச்சியம்மாள் என்னிடம் வந்து நின்றாள். மருந்து செலுத்தும் அறையில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். வாயைத் திறந்து அதிகம் பேச மாட்டாள்.

"அண்ணே, பயிற்சிக்கு ஆள் எடுக்காகளாமே. என் பேர எழுதிக் குடுப்பீகளா?"

"பார்க்கலாம் பேச்சி" என்றேன். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். எங்கள் கம்பெனியில் அதுவரை பெண் போர்மேன் கிடையாது. அதற்கு நான் ஒரு காரணமும் சொல்லவில்லை, என்னிடம் காரணமும் இல்லை.

அந்த வருஷ டூர்தான் பெங்களூர். பன்னிரண்டு பெண்கள், நான் ஒருவன். அங்கே தங்கராசு என்ற ஆட்டோக்காரர் இருந்தார். முன்பு எங்களிடம் லோடு ஏற்றியவர், பதினைந்து வருஷமாக அந்த ஊர்வாசி. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, பூங்காவக் காட்டி, அரண்மனையக் காட்டி அனுப்புறது எல்லாம் டூரிஸ்ட்டுக்கு. நான் உங்கள இந்த ஊர்க்காரகளாவே ஆக்கி விடுதேன்" என்றார். முதல் பாடமாக எல்லாருக்கும் ஒரு வரி கன்னடம் சொல்லிக் கொடுத்தார். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.' கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று பொருளாம். கூட்டத்தில் மூத்தவர் கருப்பாயி மதினி. ஒரு காது கொஞ்சம் மந்தம். அவர் மெட்ரோ ரயிலில் ஏறியதும் அந்த வரியைச் சொல்லி, இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, இறங்கும்வரை எழவில்லை.

ஊர்க்காரர்களாக ஆகும் வேலை மாலில் கெட்டது. வாசலில் காவலாளிகளும் சோதனை போடும் இரும்புச் சட்டமும் இருந்தன. பார்த்ததும் பன்னிரண்டு பேரும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக வைத்தார்கள். செல்போனை எடுத்துக் காவலாளி கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். அவர் இரண்டு கையும் கொள்ளாமல் நின்றார். பிறகு ஒவ்வொருவராகப் போய் அந்தச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, கொஞ்சம் பொறுத்து, உள்ளே போனார்கள். காவலாளி என்னைப் பார்த்தார். நானும் கையை வைத்துவிட்டுத்தான் போனேன். பழக்கம் யாரை விட்டது?

லிஃப்டில் எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தது. எங்கள் ஆட்கள் நாலு பேர் ஏறினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு இளைஞர் ஐந்தாவதாக உள்ளே நுழைந்தார். நாலு பேரும் உடனே வெளியே வந்துவிட்டார்கள். கதவு மூடும்வரை அந்தப் பிள்ளை தன் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது பாவமாக இருந்தது.

சுற்றிவிட்டு வந்து பார்த்தால் சுவரோரம் செருப்பு இல்லை. துப்புரவு செய்பவர் குப்பை என்று சாக்கில் அள்ளிவிட்டார். சாக்கைக் கொட்டி ஜோடி சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சாயங்காலம் வி.வி.புரம் தின்பண்டத் தெரு. அதை மட்டும் யாரும் தவறவிடாதீர்கள். ஒரு கடையில் நின்று வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது, கடைக்கு ஒரு வாய் என்று நடந்துகொண்டே போக வேண்டும். அதுதான் அந்த ஊர் முறை. வெண்ணெய் உருகி ஓடும் தோசை, நம்ம ஊர் போளி மாதிரி சூடான ஹோளிகை, மசாலாக் கடலை திணித்த பன். தோசையைத் தின்றுவிட்டுக் கருப்பாயி மதினி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவத் தின்ன நாக்கு இத ஒத்துக்கிடாது" என்று சொல்லி இன்னொரு தோசை வாங்கினார்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. பேச்சி எண்ணிக்கொண்டே வந்தாள். மெட்ரோவில் ஏறினால் எண்ணுவாள், இறங்கினால் எண்ணுவாள், பன் கடையிலும் எண்ணினாள். "நான் ஒருத்தன் இருக்கேன்ல. நீ எதுக்கு எண்ணுத?" என்று கேட்டேன். "சும்மாதாண்ணே" என்றாள். பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டு என் முன்னால் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

ராத்திரி வாழ்க்கையைப் பார்க்க வேண்டாமா என்று தங்கராசு எங்களைச் சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் கூட்டிப்போனார். தெருவெல்லாம் விளக்கு. ஒரு மூலையில் கிடார் வாசிக்கிறார்கள், இன்னொரு மூலையில் ஆடுகிறார்கள். ஒரு மாடியிலிருந்து பாட்டுச் சத்தம் தரையை அதிர வைத்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்று படியேறினோம். வாசலில் நின்றவர் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடுவோம் என்றார். என்னைப் பார்த்தார், பின்னால் வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரையும் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வாங்க போவோம். இவரு வீட்டுல இருக்கிற ஒரு ஜோடிக்கே பதில் சொல்ல முடியாம முழிக்காரு" என்றார் கருப்பாயி மதினி.

அதற்குப் பக்கத்திலேயே முதல் மாடியில் ஒரு ஓட்டல். மூன்று மேசையில் நாலு நாலு பேராக உட்கார்ந்தோம். எனக்குத் தனியாக ஒரு நாற்காலி. அட்டையில் படத்தைக் காட்டித் தங்கராசு ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, வண்டியை நல்ல இடத்தில் நிறுத்தப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடுவது என்று மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. பரிமாறுபவர் மரப்பலகை மேல் ஒரு கறுப்பு இரும்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலிருந்து வெள்ளைப் புகை குப்பென்று எழுந்தது. கூடவே சுர்ர்ரென்று சத்தம்.

பிறகு நடந்ததை நான் முடிவு செய்யவில்லை, என் கால்கள் செய்தன. நாற்காலியைத் தள்ளிவிட்டு, இரண்டு மேசைக்கு நடுவே புகுந்து, படியில் இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஒரு மரத்தடியில் போய்க் குனிந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அதன் பிறகுதான் எனக்கு மற்றவர்கள் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெண்கள் ஒருவரை ஒருவர் இடிக்காமல், தள்ளாமல், சொல்லிக் கொடுத்தபடி வந்துகொண்டிருந்தார்கள். மேலே கதவைப் பிடித்துக்கொண்டு பேச்சி நின்றிருந்தாள். வரிசை முடிந்ததும் கடைசியாக அவள் இறங்கி வந்தாள்.

அந்த இடத்தில் இருபத்தாறு வருஷப் போர்மேன் முதல் ஆள்.

பேச்சி என்னைப் பார்க்கக்கூட இல்லை. விரலை நீட்டி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "என்னோட சேத்துப் பதினொண்ணுதான் இருக்கு. கருப்பாயி அத்தை எங்கன?" என்றாள். கேட்டுக்கொண்டே தெருவைத் தாண்டி மேலே ஓடினாள். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகக் கூடாது என்பது விதி. "போகாத பேச்சி" என்று கத்தினேன். என் குரல் சர்ச் ஸ்ட்ரீட்டின் பாதிக்குக்கூடக் கேட்டிருக்காது.

ஒரு நிமிஷம் இருக்கும். மாடி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டு எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் கருப்பாயி மதினி தூண் மறைவில் இருந்த மேசையில் தனியாக உட்கார்ந்து பாதித் தட்டைக் காலி செய்திருந்தார். அது காளான். வெங்காயம், குடமிளகாயோடு பழுக்கக் காய்ச்சிய தட்டில் போட்டுத் தருவது. சிஸ்லர் என்று பெயராம்.

"எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம எங்க போனீக? ஆறிப்போகுமேன்னு நான் ஆரம்பிச்சிட்டேன்" என்றார் மதினி. முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பன்னிரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அடுத்த தட்டைக் கொண்டுவந்தவர் தூரத்திலேயே நின்று, புகை அடங்கட்டும் என்று விசிறிக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்து எல்லாரும் கீழே போனதும், படியில் பேச்சியை நிறுத்தி, "ஏன்த்தா திரும்பப் போன? விதி தெரியும்ல?" என்று கேட்டேன். எனக்குக் கேட்க என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"தெரியும்ணே. எங்க அக்கா வேற கம்பெனியில வேல பாத்துச்சு. அங்கன தீப்பிடிச்ச அன்னைக்கு வெளியில நின்னவக எல்லாரும் வந்தாச்சு, வந்தாச்சுன்னுதான் சொன்னாக. ஒருத்தரும் எண்ணல. அக்கா உள்ளதான் இருந்துச்சு." கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அதுலருந்து எங்க போனாலும் எண்ணிருதேன். கோயில் வரிசையிலயும் எண்ணுவேன். நீங்க தப்பா எடுத்துக்கிடாதீக."

நான் அவளோடு படியிறங்கினேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் என் பாடு திண்டாட்டம். டீக்கடையில் பால் பொங்கிச் சுர்ரென்றால், "அண்ணே, ஓடுங்க" என்று வேனுக்குள்ளிருந்து குரல் வரும். என் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாளே மேனேஜரிடம் போய், பேச்சியம்மாள் பெயரைச் சொன்னேன். அவர் புருவத்தை உயர்த்தினார். "பொம்பளப் பிள்ளையா? முதலாளி கேப்பாரு. சும்மா நல்ல பொண்ணு, பொறுப்பான பொண்ணுன்னு எழுதாதீக. அந்தப் பிள்ளை என்ன செஞ்சதுன்னு நடந்தத எழுதிக் கொண்டாங்க."

அன்று மாலை எழுதினேன். 'ஓர் உணவகத்தில் புகை எழுந்தபோது பேச்சியம்மாள் பதற்றமின்றி அனைவரையும் வெளியேற்றி, எண்ணிச் சரிபார்த்தார்.' மேனேஜர் ஜன்னலோரம் நின்று படித்தார். பச்சைப் பேனாவை எடுத்தார். 'அப்போது போர்மேன் எங்கே?' என்று கேள்விக்குறியோடு தாள் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை, 'போர்மேன் வெளியில் இருந்தார்' என்று சேர்த்தேன். அது பொய் இல்லை. தாள் மறுபடி திரும்பியது. 'வெளியில் எப்படி வந்தார்?'

மூன்றாவது தாளை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்னும் ஆறு மாதத்தில் மாலை போட்டு அனுப்பப்போகிறார்கள். இந்தத் தாள் பைலில் கிடக்கும். நாளைக்கு யாரும் எடுத்துப் பார்க்கலாம். ராஜபாண்டி பெயரை எழுதிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, டீக்கடைக் கேலியோடு போய்விடும். அதையும் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கடைசியில் எழுதினேன். 'உணவுத் தட்டில் எழுந்த புகையைக் கண்டதும் போர்மேனாகிய நான் யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக ஓடிவிட்டேன். நான் செய்ய வேண்டியதைப் பேச்சியம்மாள் செய்தார். நான் கடைசி ஆளாக வர வேண்டிய இடத்தில் அவர் கடைசி ஆளாக வந்தார். வேறு காரணம் எழுதத் தேவையில்லை.'

மேனேஜர் அதை எவ்வளவு நேரம் படித்தார் என்று தெரியாது. எனக்கு ஒரு தீபாவளி சீசன் போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன கறி?"

"காளான் சார்."

"காளானுக்கா?"

"ஆமா சார்."

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கழுத்து நரம்பு துடித்தது. "இது பைலுக்குப் போகும் போர்மேன். பரவாயில்லையா?"

"போகட்டும் சார்."

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். முதலாளி படித்துவிட்டு இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். பேச்சி பயிற்சிக்குப் போனாள், சான்றிதழ் வாங்கினாள். என் பணி நிறைவு நாளில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கனமான பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்தால் மரப்பலகையோடு ஒரு கறுப்பு இரும்புத் தட்டு. என் வீட்டுக்காரி அதில் முட்டை ஊற்றித் தருகிறாள். சுர்ரென்னும்போது ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள்.

பிள்ளைகளுக்கு லிஸ்ட் போட்டு அனுப்பினேன். மாலில் செருப்பைக் கழற்றாதீர்கள், லிஃப்டில் எட்டுப் பேரும் ஏறுங்கள், வி.வி.புரத்தில் கடைக்கு ஒரு வாய் என்று எல்லாம் எழுதினேன். சர்ச் ஸ்ட்ரீட் ஓட்டலில் தட்டு புகையும், பயப்படாதீர்கள் என்பதைத் தனியாகக் கோடிட்டு எழுதினேன். கூட்டிப்போனவள் இப்போதைய போர்மேன் பேச்சியம்மாள்.

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அவளிடமிருந்து போன். பின்னால் ஹாரன் சத்தமும் கிடார் சத்தமும் கேட்டன.

"அண்ணே, அதே ஓட்டல்தான். அதே காளான்தான்."

"லிஸ்ட்டுல எழுதியிருந்தேனே. யாரும் எந்திரிக்கலேல்ல?"

"நீங்க வேற. அம்புட்டுப் பேரும் ஓடிட்டாக. தெருவுலதான் நிக்கோம்."

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன். பதினாலு. சரியா இருக்கு."

"கருப்பாயி மதினி?"

"வந்துட்டாக. இந்தத் தடவ தட்டையும் தூக்கிட்டு வந்துட்டாக."

சிரித்து முடித்த பிறகும் எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அதை நான் கேட்பேன் என்று அவளும் காத்திருந்தாள்.

"நீ?"

"நான்தாண்ணே கடைசி."